கண் திறந்தவரின் பெயர்

விசுவமடுவில் இருந்து லெட்சுமியக்காவின் மகள் காலையில் தொலைபேசி எடுத்தாள். "மாமா, அம்மா போயிட்டா" என்றாள். அழுது ஓய்ந்த பிறகு, "மரண அறிவித்தல் அடிக்கப் போகினம். தொழில் மேசன் வேலை எண்டு போடச் சொல்லினம். போடவோ?" என்று கேட்டாள்.

"சிற்பி எண்டு போடு பிள்ளை. ஆரும் கேட்டால் என்னட்ட அனுப்பு."

ஒருவரும் கேட்டு வரவில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அக்கா சிறுமியாக மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். மேசன்மாருக்குச் சாந்து சுமந்தார். மிஞ்சிய சாந்தில் முகங்கள் பிடித்துப் பழகினார். நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். அவருடைய உருவங்களுக்கு வர்ணம் தீட்டியதும் நான்தான். இருவருக்கும் குரு இல்லை. கோயில்களில் பெயரும் இல்லை. "பூச்சு வேலை ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுங்கோ" என்று மடப்பள்ளியின் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். நான் சண்டைக்குப் போவேன். அக்கா சிரிப்பார். "தேத்தண்ணிக்கெல்லாம் கோவிக்காதீங்க தம்பி. கோவிக்க வேண்டிய எடம் வரும்."

போர் முடிந்து எங்களை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கூடாரங்களுக்கு நடுவே களிமண்ணில் ஒரு பிள்ளையார் பிடித்தார். மழையில் கரையும். மறுபடி பிடிப்பார். தண்ணீர் வரிசையில் சனம் அவரை முன்னுக்கு விட்டது. "பிள்ளையாரம்மா, முதல்ல நீங்கள் பிடியுங்கோ." எல்லாரும் எல்லாம் இழந்த இடத்தில்தான் கலைஞருக்கு முதலிடம் கிடைத்தது. "ஊருக்குப் போனதும் பின்னுக்குத் தள்ளிருவாங்க, பாருங்க" என்று என் காதில் சொன்னார்.

அப்படியேதான் நடந்தது. ஊர் திரும்பிக் கோயிலைப் புதிதாகக் கட்டினார்கள். வாசலுக்கு இரண்டு காவல் தெய்வங்களை ஆளுயரத்துக்கு மேல் அக்கா செய்தார். கண்மணி தீட்டிக் கண் திறப்பதுதான் மிச்சம். தர்மகர்த்தா வந்து, பீடத்தில், பணம் தந்த உபயகாரரின் பெயரை என்னை எழுதச் சொன்னார்.

"செஞ்சவ பேரு?" என்றார் அக்கா.

"லெட்சுமி, அதுக்குத்தானே கூலி தந்தனாங்கள்?"

அக்கா தூரிகையைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியால் இறங்கினார். "அப்ப கண்ணில்லாமலே நிக்கட்டுங்க. சாமிக்கு அவசரமில்ல. நாள் குறிச்சது நீங்கதான்."

உருவம் பிடித்த கையே கண் திறக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேறு ஆளைக் கூப்பிட ஐயர் சம்மதிக்கவில்லை. வழக்கம் சொல்லி எங்களைப் பின்பக்கத்தில் நிறுத்தியவர்களை அந்த வழக்கமே கட்டிப்போட்டது. கும்பாபிஷேகம் நெருங்க, தர்மகர்த்தாவே அக்காவின் படலையில் வந்து நின்றார்.

"வா பிள்ளை. பெயரைப் போடுவம். சின்னனா."

"எழுதுறது தம்பி. அளவ அவரு பாத்துக்குவாரு."

பார்த்துக்கொண்டேன். உபயகாரரின் எழுத்தை விட ஒரு விரல் பெரிதாகவே எழுதினேன். அதன் பிறகுதான் அக்கா ஏணியில் ஏறிக் கண் திறந்தார்.

பழைய கோயில்களின் கல்லில் அரசன் பெயர் இருக்கிறது. செதுக்கியவன் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரசன் போனான், உபயகாரர் வந்தார். இன்று கலைஞருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கிறார்கள். படத்தின் கீழே போர்த்தியவர் பெயரைப் போடுகிறார்கள். அக்கா ஒரு பொன்னாடைக்கும் குனியவில்லை.

செத்தவீட்டுக்குத் தர்மகர்த்தா வந்தார். மதிலில் ஒட்டியிருந்த அறிவித்தலை நின்று படித்தார்.

"சிற்பி எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம். பிழையோ?"

"பிழையில்லை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

வாசல் வெயிலில், பீடத்தில் உள்ள அக்காவின் பெயர் மங்கும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன் நான் புதுப்பித்து வருகிறேன். அக்கா கண் திறந்த தூரிகையை மகள் என்னிடம் தந்திருக்கிறாள். இனி அந்தப் பெயரை அந்தத் தூரிகையால்தான் எழுதுவேன். அதே அளவில்.