வேண்டாம் என்று நானே எழுதிய இடம்

அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டர். நோயாளிகளை வார்டிலிருந்து ஆபரேஷன் அறைக்கும், அங்கிருந்து திரும்ப வார்டுக்கும், சில நாள் பிணவறைக்கும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. பதினெட்டு வருஷமாக அங்குள்ள டாக்டர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர். அதனால், அறுபதுகளின் தொடக்கத்தில், இங்குள்ள பல்கலைக்கழகத்தில் எனக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று கடிதம் வந்தபோது என்னைவிட அவருக்குத்தான் தலைகால் புரியவில்லை.

வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிதத்தை மூன்று தடவை தமிழில் சொல்ல வைத்தார். மறுநாள் அதைச் சட்டைப்பையில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் வந்து, "பெரிய சர்ஜன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரும்மா" என்றார். பிறகு அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் கணிதம் படிக்க உதவித்தொகை. கப்பல் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், புத்தகம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு விண்ணப்பம் போட்டதையும் நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்ததையும் நான் வீட்டில் பெரிதாகச் சொல்லவில்லை. கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். கிடைக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது கடிதத்தைப் பிரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கணக்கு எனக்கு அவ்வளவு பிடிக்கும். தமிழர்கள் நிறைந்த தேக்கா வட்டாரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே மிளகாய் அரைக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலும் நெடியிலும் உட்கார்ந்து ஒரு கணக்கோடு மல்லுக்கட்டினால் எனக்கு வேறெதுவும் தெரியாது. மருத்துவப் படிப்புக்கு மனு போட்டது அப்பாவுக்காக.

இரண்டாவது கடிதத்தையும் தமிழில் சொன்னேன். நினைத்தால் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே கூட விட்டிருக்கலாம். ஒரு வரி விடாமல் சொன்னேன்.

அம்மாதான் முதலில் பேசினார். "கப்பல்ல தனியா ஒரு பொம்பளப் பிள்ளைய அனுப்புறதா? இங்கேயே பஸ்ஸில போயிட்டு வர்ற தூரத்துல டாக்டர் படிப்பு இருக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அப்பாவிடம் கேட்டேன்.

"நீங்க என்னப்பா சொல்றீங்க?"

"டாக்டர் படிப்புக்குப் பணத்துக்கு எப்படியாவது வழி பண்ணிடுவேன். அத நெனச்சு நீ முடிவு பண்ண வேண்டாம். படிக்கப் போறது நீ. நீயே சொல்லும்மா."

அவர் கட்டாயப்படுத்தியிருந்தால் அழுதுவிட்டு ஒத்துக்கொண்டிருப்பேன். அப்படி விட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பத்து நாள் போல இரண்டு கடிதங்களையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு அலைபாய்ந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சைக்குப் படித்ததிலேயே இளைத்திருந்தவள் இன்னும் இளைத்தேன். இரண்டு இடத்துக்கும் பதில் அனுப்ப வேண்டிய கெடு ஒரே வாரத்தில் வந்தது. கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் கணக்குப் படிக்கப் போறேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. பிறகு பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். "சரி. அப்ப டாக்டர் படிப்பு வேணாம்னு எழுதிடு. அந்த இடத்துக்கு வேற பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

எழுதினேன். உறையை நான் ஒட்டினேன். அப்பாவே வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டார். ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

வெளிநாடு போவதற்கு உடல் பரிசோதனை செய்ய வேண்டும். அப்பா இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போனேன். அன்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வார்டு வார்டாக என்னை அழைத்துப் போய், "என் மக. ஆஸ்திரேலியா போகுது" என்று நர்ஸ் மிஸ்ஸிகளிடம் மலாயில் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை கூப்பிட்டு எடுத்தார்கள். பிறகு என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

வெகு நேரம் கழித்து வந்தார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"படம் சரியா விழலையாப்பா?"

"விழுந்திருக்கு. வலது பக்கம் மேல நிழலாட்டம் இருக்காம். சளியும் சோதிச்சுப் பாக்கணுமாம்."

எனக்கு இருமல்கூட இல்லை. ஆனால் நெஞ்சில் நிழல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட எத்தனையோ பேரை வண்டியில் வைத்துத் தள்ளியவர். சளியில் கிருமி இருப்பது ஒரு வாரத்தில் உறுதியானது. காசநோய்.

உதவித்தொகைக்காரர்கள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இந்த நோய் உள்ளவரை அந்த நாட்டுக்குள் அனுமதிக்க மாட்டார்கள், ஆகையால் உதவித்தொகை ரத்தாகிறது, விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம். இதையும் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். விடுப்பு நாளிலும் காக்கிச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பார்த்தால் மரியாதை கொடுப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தார். நல்ல மாதிரியான சீனப் பெண்மணி.

"உங்க இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தாச்சே" என்றார் ஆங்கிலத்தில். பிறகு என்னைப் பார்த்துத் தயங்கிவிட்டு, "உடம்பு சரியில்லைன்னு மட்டும் எழுதியிருந்தா ஒரு வருஷம் நிறுத்தி வச்சிருப்போம். நீங்களே வேண்டாம்னு எழுதிட்டீங்க" என்றார்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் அப்பா.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்கு மாற்றிச் சொன்னேன். "இடம் இல்லையாம்ப்பா." அவர் அந்த அம்மாளுக்கு மலாயில் நன்றி சொன்னார். இருவரும் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு பஸ் வந்து போனது. ஏற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எட்டு மாதம் காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தினம் இடுப்பில் ஊசி, விழுங்க முடியாத பெரிய மாத்திரைகள். எனக்கு இந்தப் பக்கக் கட்டிலில் இருந்த பெண் தேறிப் போனாள். அந்தப் பக்கக் கட்டிலில் இருந்தவள் தேறவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட வாரம் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யார் மேலாவது கோபப்பட்டால் ஆறுதலாக இருக்கும் போல இருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

அப்பா தினமும் வேலை முடிந்து வருவார். ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே, "நானும் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டேன்" என்றார்.

"எதுக்குப்பா? உங்களுக்கு என்ன?"

"அந்த வார்டு ஆளுங்கள நான்தானே தள்ளுறேன். அதே சட்டையோட வீட்டுக்கு வந்துடுவேன். என்கிட்டேருந்துதான் உனக்கு ஒட்டிக்கிச்சோன்னு..."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி இல்லை. தன்னிடம் இருந்திருந்தால் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். அம்மாவுக்கும் பார்த்தார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. பஸ்ஸிலோ மார்க்கெட்டிலோ வகுப்பிலோ யாரோ இருமியிருக்கிறார்கள். அவ்வளவுதான் டாக்டருக்கும் சொல்லத் தெரிந்தது.

"உக்காருங்கப்பா" என்றேன். "இல்ல, வேண்டாம்" என்று நின்றுகொண்டே இருந்தார்.

குணமாகி வந்த வருஷம் மருத்துவத்துக்கு மறுபடி மனு போட்டேன். கூப்பிடவில்லை. அடுத்த வருஷமும் போட்டேன். உதவித்தொகைக்கு, ஒருமுறை இந்த நோய் வந்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்றார்கள். கடைசியில் ஒரு தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து, பயிற்சி முடித்து, அங்கேயே நிரந்தரமானேன். மூன்றாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். சில பிள்ளைகளுக்குப் புரியும், சிலருக்கு என்ன செய்தாலும் புரியாது.

வேலை நிரந்தரமான அன்று வீட்டில் அம்மா பாயசம் வைத்தார். அப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். "பள்ளிக்கூடம் பக்கத்துலதானே? நடந்தே போயிடலாம், இல்ல?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, பத்து நிமிஷம்."

"அது நல்லதுதான்" என்றார்.