அண்டாவுக்காக ஆன்ட்டி-அலைசிங்

இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறேன். வில்லியனூரில் கடை. போர்டில் என் பெயருக்குக் கீழே 'ஹார்டுவேர் ஸ்பெஷலிஸ்ட்' என்று இருக்கும். எழுதச் சொன்னது நான்தான், வேறு யாரும் வற்புறுத்தவில்லை. அப்படிப்பட்ட நான், ஒரு கிராபிக்ஸ் கார்டு சரியாகப் படம் காட்டவில்லை என்று மூன்று வாரம் செட்டிங் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரமும் அந்தக் கார்டு வேலையே இல்லாமல் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு உதவியிருக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது.

1. வழக்கு

மணிமேகலை பாகூர்க்காரர். கணவர் கோவிந்தராசு கரும்பு போடுகிறவர். தங்கை ரேவதி, பிரெஞ்சு குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிரான்சில் இருக்கிறார். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் இருந்த ஒரே தகராறு, அவர்கள் அம்மாவின் பித்தளை அண்டா. ஐம்பது பேருக்குப் பொங்கல் வைக்கலாம். அம்மா, "என்ன இதுல இழுக்காதீங்க, நீங்களே பேசி முடிச்சிக்குங்க" என்று கைகழுவிவிட்டார்.

அவர்கள் பேசி முடிக்கவில்லை. கார் ரேஸ் வைத்து முடிப்பது என்று தீர்மானித்தார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணி, அங்கே அப்போது மதியம். ரேவதியிடம் டிவியில் மாட்டும் கேம் பெட்டி இருந்தது. அதே கேம் பிறகு பி.சி.க்கும் வந்தது, இப்படி மாற்றி வருவதைத் தொழிலில் 'போர்ட்' என்போம். மணிமேகலைக்காக அதற்கு ஏற்ற பி.சி.யை அசெம்பிள் செய்து கொடுத்தது நான். வாரம் ஒன்றாக மொத்தம் ஒன்பது ரேஸ். முதலில் ஐந்து ஜெயித்தவருக்கு அண்டா.

"போனா போவுதுன்னு விட்டுக் குடுக்கலாம்ண்ணே," என்றார் மணிமேகலை ஒருநாள். "ஆனா அவ அதுல இன்னா பண்ணப் போறா தெரியுமா? செடி வெக்கப் போறாளாம். பால்கனியில."

வழக்கின் நியாயம் எனக்கு அன்றே புரிந்துவிட்டது.

நாலுக்குப் பூஜ்யம் என்று மணிமேகலை முன்னால் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. தூசி தட்டுவதற்காக சி.பி.யு.வைக் கடைக்குக் கொண்டு வந்தார். பூஜையன்று கடையிலிருந்த எல்லா மெஷினையும் துடைத்து, ஊதி, வரிசையாக அடுக்கி, கற்பூரம் காட்டி, பொரி பொட்டலத்தோடு திருப்பிக் கொடுத்தேன். என் கடையில் வழக்கம் அது.

அடுத்த ஞாயிறு மணிமேகலை தோற்றார்.

2. மூன்று ஞாயிறுகள்

திங்கட்கிழமை போன். ரோட்டு ஓரமெல்லாம் ரம்பம் மாதிரிப் பல் பல்லாகத் தெரிகிறதாம். வளைவில் திரும்பினால் படம் விக்குகிறதாம்.

பல் பல்லாக என்றதுமே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த விஷயத்தை யாராவது கேட்டு வெகு நாளாகியிருந்தது. திரை என்பது முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். சதுரங்களை வைத்துக்கொண்டு சாய்வாகக் கோடு போட்டால் படிக்கட்டுதான் வரும். அந்தப் படி விளிம்பில் இரண்டு பக்கத்து நிறத்தையும் குழைத்துப் பூசிக் கண்ணை ஏமாற்றுவதன் பெயர் ஆன்ட்டி-அலைசிங். இதை இருபது நிமிடம் விளக்கினேன். அந்தப் பக்கம் குக்கர் மூன்று விசில் அடித்தது.

வில்லியனூரிலிருந்து பாகூருக்கு வண்டியில் போகச் சோம்பல். எதற்கு இருக்கிறது ரிமோட் சாஃப்ட்வேர்? கடையில் உட்கார்ந்தபடியே அவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்தேன். உள்ளே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பட்டியல் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். கிராபிக்ஸ் கார்டின் பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் ஆள் வேலை செய்கிறான் என்று நம்பும் மேலதிகாரியைப் போல, திருப்தியோடு மூடினேன்.

ஆன்ட்டி-அலைசிங்கில் பல வகை உண்டு. முதலில் எஃப்.எக்ஸ்.ஏ.ஏ. போட்டேன். பல் மறைந்தது. கூடவே ஸ்பீடோமீட்டர் எண்ணும் மறைந்தது. எல்லாம் இட்லிப் பானை ஆவிக்குள் பார்ப்பது போல ஆனது. எம்.எஸ்.ஏ.ஏ.வை எட்டில் வைத்தேன். படம் அழகாக வந்தது, ஆனால் ஒவ்வொன்றாக வந்தது. கார் ரேஸ் இல்லை, போட்டோ ஆல்பம். கடைசியில் டி.ஏ.ஏ. அது முந்தைய கணத்துப் படத்தையும் இந்தக் கணத்துப் படத்தையும் சேர்த்துக் குழைக்கிற முறை. முன்னால் ஓடும் கார் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மங்கலாக இன்னொரு கார் வந்தது.

"ரேவதி வண்டிக்குப் பின்னாலயே ஒரு ஆவி போவுதுண்ணே. நான் ஆவிய முந்திட்டன். அவள முந்த முடியல."

நாலுக்கு இரண்டு.

அடுத்த வாரம் நிழலை அணைத்தேன். கார்களெல்லாம் தரையைத் தொடாமல் மிதந்தன. ரெசல்யூஷனைக் குறைத்தேன், மரத்தின் இலையை அணைத்தேன், பார்வையாளர் கூட்டத்தை அணைத்தேன். கேலரியில் ஆளில்லாத மைதானத்தில், இலையில்லாத மரங்களுக்கு நடுவே, மிதந்துகொண்டே மணிமேகலை மறுபடி தோற்றார். நாலுக்கு மூன்று.

மூன்றாவது வாரம் கேமின் ஐ.என்.ஐ. ஃபைலைத் திறந்து உள்ளே கை வைத்தேன். மெனுவில் இல்லாத செட்டிங்கெல்லாம் அங்கே இருக்கும். அதைத் திறப்பவர்கள் தங்களைப் பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் நினைத்துக்கொண்டேன். நாலுக்கு நாலு.

இந்தச் சமயத்தில்தான், எங்கள் தொழிலில் வழி தெரியாதபோது சொல்லும் வாக்கியத்தைச் சொன்னேன்: "உங்க மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. போர்ட்டே சரியில்ல. டிவி பெட்டிக்குச் செஞ்சத அப்படியே நம்ம தலையில கட்டிட்டானுங்க."

மணிமேகலை மெதுவாக, "ஆயுத பூஜைக்கு முன்னாடி இதே போர்ட்லதான நாலு வாட்டி ஜெயிச்சன்?" என்றார்.

கேள்வி நியாயமாக இருந்ததால் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

3. பாகூர்

கடைசி ரேஸ் நடக்கும் ஞாயிறு, வெட்கம் தாங்காமல் நேரில் போனேன். கையில் தெர்மல் பேஸ்ட், உதிரி ரேம், ஒரு பவர் சப்ளை. மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். நாலு மணிக்கு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஆன்ட்டி-அலைசிங்கை இரண்டில் வைப்பேன், நாலில் வைப்பேன், பெருமூச்சு விடுவேன். மணிமேகலை பக்கத்தில் நின்று, "செடி," என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

கோவிந்தராசு போனைச் சார்ஜ் போட மேசைக்குப் பின்னால் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இன்னாங்க இது, மேல ஒரு ஓட்டையில ஒயர் சொருவிக்கீது. கீழ தனியா நாலு ஓட்டை இருக்குது, ஒண்ணுலயும் ஒயரே காணோம். அது இன்னாத்துக்கு?"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மானிட்டர் ஒயர் மதர்போர்டில் மாட்டியிருந்தது. மதர்போர்டிலும் படம் வரும். கணக்கு எழுதவும் சினிமா பார்க்கவும் அது போதும். கார் ரேஸுக்கு என்று வாங்கிய கார்டின் வாய் நாலும் கீழே காலியாக இருந்தன. இருபத்திரண்டு வருடத்தில், இப்படி மாட்டிவிட்டு வந்த எத்தனை பேரைக் கடையில் நிற்க வைத்துச் சிரித்திருப்பேன்.

"ஏம்மா மேல மாட்டினீங்க? எப்பவும் கீழதான மாட்டுவீங்க?"

"கீழ பொட்டு இருக்குதுண்ணே."

டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டின் தகட்டில், வரிசையாக, காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று மற்ற மெஷினுக்கெல்லாம் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தவன், இதில் விலை உயர்ந்த கார்டு இருக்கிறதே என்ற மரியாதையில் அதற்குத் தனியாக நாலு வைத்திருக்கிறேன். ஒரு பொட்டு எச்.டி.எம்.ஐ. வாயில் பாதிவரை இறங்கியிருந்தது.

"நீங்கதான குடுக்கும்போது சொன்னீங்க, பூஜ போட்டது, பொட்டக் கலைச்சிடாதீங்கன்னு," என்றார் மணிமேகலை. "சாமிக்கு வெச்சத இடிச்சி எப்படிண்ணே ஒயரச் சொருவறது? மேல அதே மாதிரி ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. படமும் வந்துச்சு."

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நான் சொன்னதையும் செய்ததையும் மட்டும் நம்பி நடந்த ஒரே வாடிக்கையாளர் அவர். அதற்கான தண்டனையை நாலு ஞாயிறு அனுபவித்திருந்தார்.

கம்ப்யூட்டரை அணைத்தேன். பல் குத்தும் குச்சியும் பழைய டூத் பிரஷும் வாங்கி, முக்கால் மணி நேரம் கடவுளின் சந்தனத்தைச் சுரண்டினேன். கோவிந்தராசு டார்ச் பிடித்தார். ஒயரைக் கீழே மாட்டி ஆன் செய்தபோது ஐந்து அடிக்க எட்டு நிமிடம். அணைத்த செட்டிங்கையெல்லாம் பழையபடி போட்டேன். நான் கிள்ளி எறிந்த இலையெல்லாம் மரத்தில் திரும்ப வந்தது. கூட்டம் வந்து உட்கார்ந்தது. கார்கள் தரையில் இறங்கின. ஆன்ட்டி-அலைசிங் நாலில் நின்றது, ரோட்டு ஓரம் கத்தியால் சீவினது போல இருந்தது.

கடைசிச் சுற்றுவரை ரேவதிதான் முன்னால். பாலம் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. தோற்ற ஒவ்வொரு வாரமும் மணிமேகலையின் படம் விக்கி நின்ற இடம் அதுதான். இந்த முறை விக்கவில்லை. உள்பக்கமாக நுழைந்து, இரண்டு கார் நீளத்தில் ஜெயித்தார்.

ஹெட்போனைத் தாண்டி பிரான்சிலிருந்து ரேவதியின் குரல் கேட்டது: "சரிக்கா, நீயே வெச்சிக்க. நான் பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்கிறன்."

தைப்பொங்கலன்று அந்த அண்டாவில் பொங்கியதில் ஒரு தூக்கு எனக்கும் கடைக்கு வந்தது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ரிமோட்டில் மெஷினின் மனசு வரைக்கும் தெரியும், முதுகு தெரியாது. மெனுவைத் திறக்கும் முன் எழுந்து போய்ப் பின்பக்கம் பாருங்கள். அதோடு, வாடிக்கையாளர் "போன வாரம் நல்லா இருந்துச்சே" என்றால், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவில் அந்த மெஷினைத் தொட்டது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் நீங்கள்தான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மணிமேகலை சி.பி.யு.வோடு கடைக்கு வந்தார். பெட்டியின் முன்பக்கத்தில், நட்ட நடுவே, அளவாக ஒரு பொட்டு ஏற்கெனவே இருந்தது.

"நான் வூட்லயே வெச்சி எடுத்தாந்துட்டண்ணே," என்றார். "நீங்க தூசி மட்டும் தட்டுங்க, போதும்."