ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு மலை

என் அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னலே இல்லாத அறையில் இருபது வருஷமாக, "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று எல்லாரையும் அதட்டுகிறவள். அத்தான் இறந்ததிலிருந்து சாமி படத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. லீவு கிடைத்தால் கேமராவோடு மலைக்குப் போய்விடுவாள்.

ஒருமுறை நானும் தொற்றிக்கொண்டேன். மூன்று மணி நேரமாக ஒரே மேகம், சிகரம் தெரியவேயில்லை.

"கிளம்புக்கா, குளிர்ல விறைக்குது."

"விலகும். உட்காரு."

"உனக்குத்தான் எதுலயும் நம்பிக்கை கிடையாதே!"

"பின்ன இவ்வளவு நேரம் எதுக்குடா உட்கார்ந்திருக்கேன்?"

விலகியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தாள்.

அந்தப் படம் இப்போது எக்ஸ்ரே அறைச் சுவரில் தொங்குகிறது. எதிரே வந்து நிற்கும் நோயாளிகள் அதைப் பார்த்ததும் தானாகவே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்காவுக்கு அதட்டவே வேலையில்லை.