மடி கொடுத்தவர்

ஒன்றாம் வகுப்பில் மூளிக் காதோடு இருந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். அதனால் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கம்மல் போட்டிருக்கிறார்கள் என்று நான் அழுததும், அது ஏதோ சட்டம் என்று நினைத்து அப்பா உடனே காது குத்தச் சம்மதித்துவிட்டார்.

அப்பா ஒடிசாவிலிருந்து கப்பலூருக்குக் கம்பெனி வேலைக்கு வந்தவர். லைன் வீட்டில் எங்களுக்கு அடுத்த வாசல் லோடு ஆட்டோக்காரருடையது. அப்பாவை அவர் 'ஏ இந்தி' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பேசுவது ஒடியா என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அவரைக் கண்டால் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். காது குத்தும் அன்றைக்கு லோடு இல்லாததால், வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்கு அவரே கூட்டிப்போனார்.

"தாய்மாமன் மடியில உக்கார வைங்க," என்றார் காது குத்தும் ஆசாரி. அப்பாவுக்கு 'மடி' மட்டும் புரிந்தது. என்னைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"அப்பன் மடியில காது குத்துறத இங்கனதான்டி பாக்குறேன்," என்றாள் ஒருத்தி.

அப்பாவைவிடத் தமிழ் தெரிந்த அம்மா, கூடப் பிறந்தவர் யாருமில்லை என்று கையை விரித்தாள். "மாமன் இல்லாம நான் ஊசியத் தொடமாட்டேன்மா," என்று ஆசாரி பெட்டியை மூடினார். நாளைக்கும் இதே மூளிக் காதா? நான் அலறத் தொடங்கினேன்.

ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "இருங்கண்ணே, இந்தா வாரேன்," என்று வெளியே ஓடியவர், ஒரு சீப்பு வாழைப்பழமும் கண்ணாடி வளையலுமாகத் திரும்பினார். "வெறுங்கையோட உக்காந்தா எந்தங்கச்சி நாளைக்குச் சொல்லிக்காட்டுமில்ல?" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அப்பாவின் தோளைத் தட்டினார். "எந்திரி மாப்ள. இது என் எடம்."

டீசல் வாடையடித்த அந்த மடியில் உட்கார்ந்து நான் கத்திய கத்தல் தெப்பக்குளத்துக்கு அந்தக் கரையிலும் கேட்டிருக்கும். ஆனால் நான் ஓய்ந்து வாழைப்பழம் தின்னத் தொடங்கிய பிறகும் அம்மாவின் அழுகை நிற்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. காது என்னுடையது, இவள் எதற்கு அழுகிறாள்?

திரும்பும்போது அம்மாவின் முக்காடு நழுவிக் கிடந்தது. அதை அவள் சரிசெய்யவில்லை.

"அண்ணே, மெதுவாப் போங்க. புள்ளைக்கு வலிக்கும்," என்றாள்.

"எனக்கு வலிக்கல, வேகமாப் போங்க மாமா!" என்று நான் குறுக்கே கத்தினேன். என் பேச்சை யாரும் கேட்கவில்லை. கப்பலூர் வரைக்கும் வண்டி ஊர்ந்துகொண்டேதான் போனது. கம்மல் கிடைத்த சந்தோஷத்தில், அம்மாவுக்கும் அன்றைக்கு ஒன்று கிடைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.