ஒரு சொட்டும் சிந்தவில்லை

கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அது உடம்பில் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று மிஷினை வைத்துத் தேடுவதுதான் எங்கள் தொழில். முதல் வேலையில் தடுமாறியவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

துண்டு

இது நான் பார்த்ததல்ல. சீனியர் டெக்னீஷியன் மாணிக்கம் அண்ணன் சொன்னது. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், நான் சேர்வதற்கு முன்பு, மலையாளப் பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு நெல் விவசாயி வந்தாராம். தைராய்டு புற்றுநோய்க்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆனவர். மிச்சம் எங்காவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தால், தோளில் அடர்த்தியாக ஒரு புள்ளி. மறு ஆபரேஷன் வரை பேச்சு போய்விட்டது. பிறகுதான் தெரிந்ததாம், மருந்து குடிக்கும்போது தோளில் கிடந்த துண்டில் ஒரு சொட்டு சிந்தியிருக்கிறது; அதே துண்டோடுதான் ஸ்கேனுக்கும் படுத்திருக்கிறார். டாக்டர் விளக்கிச் சொன்னதும் அவர் கேட்டாராம்: "ஏனுங்க, அப்ப ஆபரேசன் துண்டுக்குத்தானுங்களே?"

ஈயச் செங்கல்

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்போது வேலை இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. அதனால் மருந்து கொடுக்கும்போது சொட்டு சிந்துகிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பேன்.

மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் சூசையம்மாள் கணவரோடு வந்திருந்தார். ஆபரேஷனும் ஒரு சுற்று அயோடின் சிகிச்சையும் முடிந்தவர். இந்த ஸ்கேன் சுத்தமாக இருந்தால் ஊருக்குப் போகலாம். இல்லாவிட்டால் மறுபடி தனியறை, பெரிய டோஸ். பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். மாதா படம் தைத்த சிறு துணித்துண்டாகக் கழுத்துக் கயிற்றில் தொங்கிய உத்தரியத்தை எடுத்து முத்தமிட்டு, ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நான் கதிரைத் தடுக்கும் ஈயச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் நிம்மதியாக மூச்சு விட்டதை அவர் பார்த்துவிட்டார். "ஏந் தம்பி, நீங்க செவத்துக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு நிக்கீக, நான் மட்டும் அதைக் குடிக்கணுமாக்கும்?"

நடு நெஞ்சு

இரண்டு நாள் கழித்து ஸ்கேன். "நகை ஏதாவது இருந்தால் கழற்றிடுங்கம்மா" என்றேன். கம்மலையும் மெல்லிய சங்கிலியையும் கழற்றிக் கணவரிடம் கொடுத்தார். மிஷினின் கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்ந்தது; அயோடின் இருக்கும் இடத்தில் மட்டும் காகிதத்தில் புள்ளி குத்தும். கழுத்தில் ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷம். நெஞ்சுக்கு வந்ததும் டக்டக்கென்று குத்த ஆரம்பித்தது.

கணவர் வெளியே பையை மடியில் வைத்தபடி, மூணாறு பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் படத்தை டாக்டரிடம் எடுத்துப் போனேன். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடுப்பெல்லாம் மாற்றித்தானே எடுத்தாய்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு வரைக்கும் வந்தது. "இல்லை சார். நகையை மட்டும்தான் கேட்டேன்" என்றேன்.

திட்டு விழுந்தது. நர்ஸ் சூசையம்மாளைக் குளிக்கவைத்து ஆஸ்பத்திரி உடுப்பில் கூட்டிவந்தார். மறுபடி எடுத்தோம். நெஞ்சு வெள்ளைக் காகிதமாக இருந்தது. உத்தரியத்தைத் தனியாக மேஜையில் வைத்தோம். மிஷின் மறுபடி குத்தியது. குடித்த அயோடின் எச்சிலிலும் ஊறும். இரண்டு நாளாக ஒவ்வொரு ஜெபத்துக்கும் அவர் அதை முத்தமிட்டிருக்கிறார்.

நோய் பரவவில்லை என்று சொன்னதும் கணவர் பையோடு தரையில் உட்கார்ந்து அழுதார். நான் சூசையம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்திருந்தது; ஆனால் என்னை விடுவதாக இல்லை. "நகையக் கழத்தச் சொன்னீக, கழத்துனேன். மாதாவக் கழத்தச் சொல்லலியே தம்பி?"

பிறகு ஒருநாள் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன்: சித்தூர்க்காரரின் துண்டுக் கதை முழுவதும் உண்மை, அந்தத் துண்டை எடுக்கச் சொல்ல மறந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் மாணிக்கம் அண்ணன்.