வானுக்கடியில் என் தகரம்

இன்று முற்றத்தில் நின்றவர்கள்: நான், என் மனுசன், மகன் குமரன், வெல்டிங் செய்ய வந்த நேசன்.

மரக்கறி ஏற்றும் எங்கள் பழைய வான் வண்டியின் அடித்தளம் கறள் பிடித்து உக்கிவிட்டது. நேசன் முன்பு அதில் ஒட்டியிருந்த தகரத் துண்டைக் கழற்றினான். அதில் நீலப் பெயின்ரில் என் பெயர்!

போருக்குப் பிறகு மீள்குடியேறியபோது எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கூரைத் தகரம் தந்ததால் பெயர் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்று காணாமல் போனது. பக்கத்து வளவு பரமேஸ்வரிதான் எடுத்தாள் என்று பன்னிரண்டு வருடமாக அவளோடு கதைப்பதில்லை.

"நான்தான் வெட்டி ஒட்டினனான்," என்றார் மனுசன். "சொல்ல முன்னமே நீ அவவோட சண்டையைத் தொடங்கீட்டாய்."

"அப்ப பரமேஸ்வரி மாமியிட்ட மன்னிப்புக் கேக்கப் போறியளோ, அம்மா?" என்று குமரன் சிரித்தான்.

யாரோடு கோபிப்பதென்றே எனக்கு விளங்கவில்லை. நீங்களே சொல்லுங்கோ, ஒரு நாளாவது "நான் எடுக்கேல்லை" என்று வாய் திறந்தாளா? மனுசனை விடுங்கோ. பரமேஸ்வரியை மன்னிக்கவே மாட்டேன்.