செண்பகத்தோப்பு ஓடையில் பறந்த கொக்கி

மலையடிவாரத் தோப்புகளுக்கு ஜீப்பில் போகிறவர்கள், வண்டி மணலில் மாட்டினால் கயிறு கட்டி இழுக்கும் கொக்கியைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பயணத்தில் தெரிந்துகொண்டதுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி ஞாயிறு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக, செண்பகத்தோப்புப் பக்கம் இருந்த என் மாமனாரின் மாந்தோப்புக்குப் போய் வந்தோம். மாங்காய் ஏற்றப் போனோம் என்று சொல்லலாம். நான் போனது என் சகலை சௌந்தரை ஒரு கை பார்க்க.

சௌந்தர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். எனக்கு அதே ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை. இருவரிடமும் ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். மூத்த மருமகன் நான். முறைப்படி மாமனார் என் வண்டியில்தான் ஏற வேண்டும். அவரோ எப்போதும் சின்ன மாப்பிள்ளை வண்டியில்தான் ஏறுவார். அது போதாதென்று சௌந்தர் தன் ஜீப்பின் முன்னால் கறுப்பாக, கனமாக ஒரு கொக்கி மாட்டியிருந்தார். மாமனார் அதைத் தடவிப் பார்த்து, "யானையவே இழுக்கும் போலயே சின்ன மாப்ள" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் என் ஜீப்பை வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சௌந்தர் வண்டியில் இருப்பதைவிட ஒரு சுற்றுப் பெரிய கொக்கியாகப் பார்த்து எடுத்து, பம்பரில் வைத்து ஒட்டச் சொன்னேன்.

பட்டறைக்காரர் பம்பரைத் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது வெறும் தகரம். ரெண்டு சின்ன போல்ட்டுல தொங்கிட்டு இருக்கு. கொக்கிய சேஸ்லதான் மாட்டணும். ஓட்டை போட்டு, பின்னால தகடு குடுத்து, நல்ல போல்ட்டா போட்டுத் தாரேன். வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"காலையில கெளம்பணும். ஒட்டிக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

சேஸ் என்பது வண்டியின் அடியில் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம். வண்டியின் பாரமெல்லாம் அதில்தான் நிற்கிறது. சௌந்தரின் கொக்கி அதில்தான் போய்ப் பிடித்திருந்தது. நான் அடியில் குனிந்து பார்க்கவே இல்லை. வெளியே தெரிந்ததை மட்டும் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அதை மட்டும் வாங்கினேன். கூலி அறுபது ரூபாய். சிவப்புப் பெயின்ட் அடிக்க இன்னும் பத்து.

காலை ஐந்தரைக்கு இரண்டு ஜீப்பும் கிளம்பின. ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே மாமனார் வீட்டில் காபி குடித்துவிட்டு ஆறரைக்குப் புறப்பட்டோம். என் கொக்கியை அவர் பார்த்தார், போய் சௌந்தர் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து செண்பகத்தோப்பு எட்டு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை, நடுவில் ஓர் ஓடை. முந்தின நாள் மலையில் கோடை மழை பெய்திருந்ததால் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. போகும்போது இரண்டு வண்டியும் சுலபமாகக் கடந்துவிட்டன.

திரும்பும்போது மணி பத்தரை. நான் முன்னால் கடந்தேன். மாங்காய் மூட்டைகளும் மாமனாரும் இருந்த சௌந்தரின் ஜீப், ஓடை மணலில் அச்சு வரை இறங்கி நின்றுவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். வண்டியைத் திருப்பி அவருக்கு எதிரே நிறுத்தி, நைலான் கயிற்றை இரண்டு கொக்கியிலும் மாட்டினேன். ரிவர்ஸில் இழுப்பதாகத் திட்டம்.

"மாமா, நீங்க எறங்கி அந்தப் புளியமரத்துக்கிட்ட போய் நில்லுங்க" என்றார் சௌந்தர்.

"எதுக்கு சகல? மாமா உக்காந்திருக்கட்டும். வெயில்ல எதுக்கு?" என்றேன் நான். என் வண்டி இழுப்பதை முன்சீட்டில் இருந்தே அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

"கயிறு எம்புட்டு நீளமோ அதுக்கு மேலயே தள்ளி நிக்கணும், மாமா. எறங்குங்க." மாமனார் இறங்கிப் போனார். சௌந்தர் ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்துக் கயிற்றின் நடுவில் போட்டார். தன் ஜீப்பின் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். "இழுக்கையில அறுந்தா கயிறு எழும்பாது, கண்ணாடிக்கும் வராது" என்றார். மில்லுப் பழக்கம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவர் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "மெதுவா சகல, கயிறு விறைச்ச பொறவு இழுங்க!" என்று கத்தினார். நான் கயிற்றைத் தொங்கவிட்டு, வேகமாகப் பின்னால் போய் ஒரே வெட்டாக இழுத்தேன்.

பட்டென்று ஒரு சத்தம். என் பம்பர் பாதி கிழிந்து, சிவப்புக் கொக்கி பறந்தது. சாக்கு அதைக் கொஞ்சம் அமுக்கியது. அப்படியும் தூக்கி நிறுத்தியிருந்த பானெட்டில் இடது பக்கம் அடித்து, தகரத்தைக் குழித்து, அதற்குப் பின்னால் இருந்த முன்கண்ணாடியையும் விரிசல் விட வைத்தது. இடது பக்கம் மாமனார் உட்கார்ந்திருந்த இடம். நான் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தேன்.

மாமனார் ஓடி வந்தார். "என்ன ஆச்சு? யாருக்கும் அடி இல்லியே?"

சௌந்தர் கீழே இறங்கி என் பம்பரைக் குனிந்து பார்த்தார். ஒட்டிய தடம் பளிச்சென்று தெரிந்தது. என்னையும் பார்த்தார். "போல்ட்டு அறுந்துருச்சு மாமா. பழைய வண்டிதானே" என்றார். பிறகு மூட்டைகளை இறக்கினோம், டயரில் காற்றைக் குறைத்தோம், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டிச் சாக்கு விரித்தோம். இருபது நிமிடத்தில் அவர் வண்டி தானே ஏறி வந்தது. கயிறே தேவைப்பட்டிருக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் தோண்டிப் பாருங்கள். கொக்கியை சேஸில் கனமான போல்ட்டும் பின் தகடும் கொடுத்து மாட்டுங்கள்; பம்பரில் வேண்டாம், சேஸிலும் ஒட்ட வேண்டாம், சூட்டில் இரும்பு வலுவிழக்கும். கயிற்றை நேராகக் கட்டி மெதுவாக இழுங்கள். நனைந்த சாக்கு ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, முக்கியமாக நீங்கள் யாரிடம் வீரம் காட்ட நினைக்கிறீர்களோ அவர். இப்போது அந்தப் பக்கம் போக வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்த ஞாயிறு சௌந்தர் மில்லிலிருந்து டிரில் எடுத்து வந்து, என் ஜீப்புக்கு அடியில் படுத்து, கொக்கியைச் சரியாக மாட்டிக் கொடுத்தார். மாமனாரிடம் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை, சௌந்தரும் சொல்லவில்லை. அன்று கிழிந்தது அவருடைய பம்பராக இருந்திருந்தால், சாயங்காலத்துக்குள் ராஜபாளையம் முழுக்கச் சொல்லியிருப்பேன். அவருடைய கொக்கி மேல் இருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. அந்த ஒரு பொய்யை அவரால் சொல்ல முடிந்ததே, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.